புனைவைப் புனைவென்று கற்பிப்போம்

(பெரம்பலூரில் தமிழாசிரியரும் தமிழன்பரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்நிலைப்பள்ளி மாணாக்கர்க்கு அறிவியற் புனைகதையைத் தமிழ் வகுப்பில் கற்பிப்பது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். தொல்காப்பியமும் திருக்குறளும் கற்பித்தே முடி நரைத்த ஒருவனுக்கும், விண்கலமும் எந்திர மாந்தனும் உலவும் கதைகளுக்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் எண்ணுதல் கூடும். என் வகுப்பைப் பார்வையிட வந்த அலுவலர் ஒருவரும், "ஐயா, நீங்கள் நடத்துவது தமிழா, அறிவியலா?" என்று கேட்டதுண்டு. "அறிவியலையும் தமிழில் நடத்துகின்றேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிச் சென்றார். அன்று அவரிடம் முழுமையாகச் சொல்லாத விடையை இன்று உங்கள் முன் விரித்துரைக்க விழைகின்றேன். அவ்விடையில் நமக்கு இனிக்காத பகுதியும் உண்டு. பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றேன்.

குன்னத்துக் கற்கள்

2020-ஆம் ஆண்டில், நம் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், நீர்நிலையொன்றில் மண்ணெடுத்தபொழுது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் என்னும் பேரூர்வனவற்றின் முட்டைகள் என்று யாரோ சொல்ல, கைப்பேசி வழியே அச்செய்தி நாடெங்கும் பறந்தது. தொற்றுநோயால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அது. என் மாணாக்கர் புலனக் குழுவில் படத்தின்மேல் படமாக அனுப்பினர். "ஐயா, இன்னமும் பொரிக்குமா?" என்று ஒருவன் கேட்டான். "உலகின் முதல் உயிரே நம்மூரில்தான் தோன்றியதாமே, உண்மையா ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

பின்னர் நிலவியல் வல்லுநர் ஆய்ந்து, அவை முட்டைகள் அல்ல என்று தெளிவுறுத்தினர். அம்மோனைட்டு என்னும் கடலுயிரியைச் சூழ்ந்து சேறு படிந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லாகிய உருண்டைகளே அவை. அம்மோனைட்டு இன்றைய கணவாய்க்கு உறவான உயிர். ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலக்கம் ஆண்டுகட்கு முன்னர், டைனோசர்கள் அழிந்த அதே ஊழியில் தானும் அழிந்தது.

மறுப்புச் செய்தி வந்ததும் குழு அடங்கிவிட்டது. முட்டை இல்லை என்றதில் பிள்ளைகட்குப் பெருத்த ஏமாற்றம். 2021 சனவரியில் பத்தாம் வகுப்பிற்குப் பள்ளி திறந்தபொழுது நான் அவர்களைக் கேட்டேன்: "முட்டை பொய்யாயிற்று, சரி. கடல் மெய்யாயிற்றே! இன்று கடலைக் காண நீங்கள் எத்தனை கல் தொலைவு செல்ல வேண்டும்? அக்கடல் ஒருகால் உங்கள் வீட்டு வாயில்மேல் அலையடித்துக் கிடந்தது என்பது முட்டையினும் சிறிய செய்தியா?" வகுப்பில் ஓர் அசைவு எழுந்தது. அன்று தொடங்கியதே என் அறிவியற் புனைகதைப் பாடம்.

முதலில் அவர்கட்கு நிலத்தைக் காட்டினேன். ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரிற் கிடக்கும் கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளமுடையது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது என்று நிலவியல் ஆய்வுத்துறை குறித்துள்ளது. அதனை அறிவுலகுக்கு 1940-இல் அறிவித்தவர், பின்னாளில் அத்துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான எம். எசு. கிருட்டிணன் என்னும் தமிழர். கரையிலே வளர்ந்த மரம் கடலிற் சென்று புதைந்து, அணு அணுவாகக் கல்லேறிக் கிடக்கின்றது. 1862-இல் இப்பகுதியின் பாறைகளை அளந்து எழுதிய பிளான்போர்டு என்னும் ஆங்கில அறிஞர், அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். உலக நிலவியல் நூல்களில் இன்றும் அரியலூர் என்னும் நம் ஊர்ப்பெயர் பாறையின் பெயராக நிற்கின்றது. இவை யாவும் எவரும் புனைந்தவை அல்ல. கையால் தொட்டுப் பார்க்கத்தக்க மெய்கள்.

புனைகதைக்கும் ஓர் இலக்கணம்

"இம்மெய்யின்மேல் ஒரு கதை கட்டுங்கள்" என்றேன். முதன்முறை எழுதிவந்த நாற்பது கதைகளுள் பெரும்பாலானவற்றில் முட்டை பொரித்தது, பெருவிலங்கு வந்தது, பேருந்தைக் கவிழ்த்தது, தலைவன் அதனைக் கொன்றான். அத்தனையும் திரைப்படத்தின் எதிரொலி. ஆகவே அறிவியற் புனைகதையின் இலக்கணத்தைச் சொல்ல நேர்ந்தது. செய்யுளுக்கு யாப்பு இருப்பதுபோல இவ்வகைக் கதைக்கும் ஒரு கட்டு உண்டு. ஒன்றை மட்டும் புனைந்துகொள்க. அதன்பின் நிகழ்வன அனைத்தையும் அறிவுக்கு ஒத்தவாறே நடத்துக. இதுவே அக்கட்டு. மாயக்கதையில் எதுவும் நிகழலாம். இங்கே ஒரு புனைவின் பயனாக எது நிகழ்ந்தே தீருமோ அதுவே நிகழ வேண்டும்.

1818-இல் மேரி செல்லி என்னும் இளநங்கை 'பிராங்கன்சுடைன்' என்னும் கதையை வெளியிட்டார். உயிரற்ற உடலுக்கு உயிரூட்ட இயலும் என்பது ஒன்றே அவர் புனைந்தது. படைத்தவன் தன் படைப்பைக் கைவிட்டான், கைவிடப்பட்டது கொடிதாயிற்று. அறிவியல் எதனைச் செய்யலாம் என்பதோடு, செய்தவன் அதற்குப் பொறுப்பேற்றானா என்பதே அக்கதையின் வினா. 1865-இல் சூல் வெர்ன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், மூவரைப் பெரும் பீரங்கிக் குண்டினுள் வைத்து நிலாவை நோக்கிச் செலுத்திய கதையை எழுதினார். பீரங்கியின் அதிர்ச்சியில் உள்ளிருப்போர் உயிர் பிழையார் என்று பின்னர்க் கணக்கிட்டனர். அக்கதையிலே உள்ளம் பறிகொடுத்து, அவ்வாறாயின் வேறு எவ்வாறு செல்வது என்று எண்ணியவர் உருசியாவின் சியோல்கோவ்சுகி. ஏவூர்தியால் விண்ணை அடையும் வழியைக் கணக்கிட்டு 1903-இல் அவர் வெளியிட்டார். அவர் யார் தெரியுமா? இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர். கலூகா என்னும் ஊரில் கணக்குக் கற்பித்த பள்ளி ஆசிரியர். தாமும் அறிவியற் புனைகதை எழுதியவர். நம்மைப்போல் சுண்ணக்கட்டி பிடித்த கை அது என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

நான் செய்த பிழை

இனி, இனிக்காத பகுதிக்கு வருகின்றேன்.

2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், செயற்கை நுண்ணறிவு பற்றிய உரைநடைப் பாடமும், அண்டத்தின் தோற்றத்தைப் பாடும் கீரந்தையாரின் பரிபாடற் பகுதியும் ஒரே இயலில் இடம்பெற்றன. அதனை நடத்தியபொழுது மாணாக்கர் கேட்ட முதல் வினா, "அப்படியானால் பெருவெடிப்பு நம் முன்னோர்க்கு முன்னரே தெரியுமா ஐயா?" என்பது. இவ்வினாவுக்கு விடையிறுக்கும் முறையிலேதான் தமிழாசிரியனின் நேர்மை இருக்கின்றது.

முப்பது ஆண்டுகட்கு முன்னர் நான் அந்நேர்மையில் தவறினேன். அன்று புறநானூற்றின் 27-ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடியது. ஓட்டுவோன் இன்றித் தானே செல்லும் வான ஊர்தியைப் பற்றி அப்பாட்டுக் கூறும். "பார்த்தீர்களா! ஆளில்லா வானூர்தியை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே படைத்தவன் தமிழன்!" என்று முழங்கினேன். வகுப்புக் கைதட்டிற்று. பின்வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து, "ஐயா, அதன் உறுப்புகளுக்கு என்ன பெயர்?" என்று கேட்டான். நான் சினந்து அவனை அமரச் செய்தேன்.

அவன் கேட்டது எள்ளலன்று. சொல்லாராய்ச்சி செய்வோன் கேட்க வேண்டிய முதல் வினா அது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தேர் நம்மிடம் இருந்தது. ஆகவே நுகம், அச்சு, ஆர், குறடு, நேமி, கொடிஞ்சி என்று அதன் உறுப்புதோறும் கழக இலக்கியத்தில் பெயர் உண்டு. கப்பல் இருந்தது, ஆகவே நாவாய், வங்கம், கலம் என வகைதோறும் பெயர் உண்டு, செலுத்துவோனுக்கு மீகாமன் என்ற பெயரும் உண்டு. மெய்யாக வழங்கிய பொருள் மொழியில் வேர்விட்டுக் கிளைத்து நிற்கும். வான ஊர்திக்கோ அப்பெயரொன்றே உண்டு. அதற்குச் சிறகின் பெயரில்லை, விசையின் பெயரில்லை, அதனைச் செய்த கம்மியனின் பெயரில்லை. பாட்டின் பொருளையும் நோக்குங்கள். நல்வினை செய்து புகழொடு வாழ்ந்தோர் இறந்தபின் வானுலகு புகும் ஊர்தி அது. தேரோட்டும் வலவனை நாள்தோறும் கண்ட புலவர், அவனை நீக்கிவிட்டு ஓர் ஊர்தியை உள்ளத்தாற் கண்டார். நம் தமிழே இங்குச் சான்றாக நின்று, அது புனைவு என்று கூறுகின்றது.

அவ்வாறு ஒப்புக்கொள்வதால் நம் புலவர்க்கு இழுக்கா? எண்ணிப் பாருங்கள். வானூர்தி தெருவில் நின்றிருந்தால், சாத்தனார் கண்டதைக் கூறிய செய்தியாளர் மட்டுமே ஆவார். அஃது இல்லாத உலகிலே அதனை எண்ணியமையாலன்றோ அவர் பெரும்புலவர்! புனைவைச் சான்றாக்க முனையும் நாம், அறியாமலே நம் புலவரைச் சிறுமைப்படுத்துகின்றோம்.

இத்தெளிவு வந்தபின் நம் பழைய இலக்கியத்துப் பொறிகளை அச்சமின்றி வகுப்பிற் காட்டலாம். சீவக சிந்தாமணியில், பகைவன் கட்டியங்காரன் சூழ்ந்தபொழுது, சச்சந்தன் கருவுற்ற தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வானிற் செலுத்துகின்றான். அவள் முன்பே அதனை இயக்கப் பழகியிருந்தாள். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கின்றான். பெருங்கதையில் கொங்குவேளிர் காட்டும் எந்திர யானை, வயிற்றுள் வீரரை மறைத்துவைத்து உதயணனைச் சிறைப்பிடித்த சூழ்ச்சிப் பொறி. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் காவற்பொறிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மாணாக்கரிடம், "இவை இருந்தனவா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "ஒருத்தியைக் காத்த பொறி எது? ஒருவனை ஏமாற்றிய பொறி எது? பொறி யார் கையில் இருந்தது?" என்று கேளுங்கள். தொழில்நுட்பம் பற்றிய வினாக்களில் தலையாயது இதுவே. சிந்தாமணியைப் படித்த பிள்ளை அதனைச் செயற்கை நுண்ணறிவின்மேலும் கேட்கும்.

ஒரே ஆண்டில் இரண்டு

இன்னொரு செய்தி. இதைச் சொல்லும்பொழுது நம்மவர் சிலர் முகம் சுளிப்பர்.

1864-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இரண்டு எழுத்துகள் வெளிவந்தன. ஒன்று, இலெமூர் என்னும் விலங்கின் உறவினங்கள் மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படுவதற்கு விளக்கந்தேடிய இசுக்கிலேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், இடையே மூழ்கிய நிலப்பரப்பு ஒன்று இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டது. மற்றொன்று, சூல் வெர்ன் எழுதிய 'நிலவுலகின் நடுவத்திற்கு ஒரு பயணம்'. ஐசுலாந்தின் எரிமலை வாயிலே இறங்கிய மூவர், நிலத்தின் அடியில் ஒரு கடலையும் அதில் தொல்லூழிப் பேருயிர்கள் பொருவதையும் காணும் கதை அது.

முன்னது அறிவியற் கருத்தாக வந்தது. கண்டங்கள் மூழ்குவதில்லை, நகர்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டபொழுது அது கைவிடப்பட்டது. அறிவியலில் அவ்வாறு கைவிடுதல் இழுக்கன்று; அதுவே அதன் ஒழுக்கம். பின்னது கதையாகவே வந்தது. நிலத்தின் நடுவம் கொதிப்பது என்று இன்று யாவரும் அறிவோம். ஆயினும் அந்நூல் உயிரோடு உள்ளது. அது தன்னை மெய்யென்று ஒருபொழுதும் சொல்லிக்கொண்டதில்லை. ஆகவே அதனைப் பொய்யென்று தள்ளவும் எவராலும் இயலாது.

நாம் செய்தது யாது? அறிவியலார் விட்டுவிட்ட கருத்தை எடுத்துக் குமரிக்கண்டத்தோடு இணைத்து வரலாறாக்கிக் கொண்டோம். அரியலூரில் கிடைக்கும் கடற்சிப்பியைக் காட்டி, "இதோ, கடல்கோளுக்குச் சான்று!" என்று மேடையில் முழங்குவோர் இன்றும் உளர். அரியலூர்க் கடல் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகட்கு முன்னர் உட்புகுந்து, பலகால் முன்னேறியும் பின்வாங்கியும், 6 கோடி ஆண்டுகட்கு முன்வரை நிலவிய கடல். நம்மையொத்த மாந்தர் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுகட்கு முன்னரே. அக்கடலைக் கண்ட மாந்தக் கண் ஒன்றுமில்லை. மேலும், இந்தியப் பெருநிலம் அண்டார்க்டிகாவினின்று பிரிந்து விலகிய ஊழியில் திறந்த கடல் அது. நம் காலடிப் பாறை, கண்டங்கள் நகர்ந்தமைக்கே சான்று பகர்கின்றது.

சிலப்பதிகாரமும் இறையனார் களவியலுரையும் கூறும் கடல்கோளில் கரையோர நிலத்தை இழந்த நினைவு ஏதும் உண்டா என்பதை ஆய்க. அது தக்க ஆய்வே. அச்செய்தியைக் கருவாகக் கொண்டு உலகமே வியக்கும் புனைகதை எழுதுக, அதுவும் தக்கதே. ஆய்வையும் கதையையும் ஒரு குடத்தில் ஊற்றிக் குலுக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தல் மட்டும் தகாது. வெளியுலகிற்குச் செல்லும் அப்பிள்ளை ஒருநாள் பொய்யைக் கண்டுகொள்ளும். கண்டபின், நாம் சொன்ன மெய்களையும் நம்பாது. கீழடியின் அகழ்வுகளும் செம்மொழியின் தொன்மையும் மெய்யான பெருமைகளாயிற்றே! பொய்ப்பெருமைக்கு ஈடாக அவற்றை அடகு வைக்கலாமா?

சான்றின் கடுமைக்கும் நம் மண்ணிலேயே பாடம் உண்டு. அரியலூர்ப் பகுதிக் கள்ளமேட்டிற் கிடைத்த பேரெலும்புகளைக் கொண்டு, 1987-இல் இரு நிலவியலார் ஒரு புதிய பேருயிரை அறிவித்தனர். நிலத்தில் வாழ்ந்த உயிர்களுள் மிகப் பெரியது அதுவே ஆகலாம் என்றனர் சிலர். ஆயின் அவ்வெலும்புகள் பின்னர் உதிர்ந்து அழிந்தன. எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. ஆகவே அறிஞருலகம் இன்றும் அதன் அளவை உறுதியாக ஏற்கவில்லை. நம் ஊர் உயிர் என்பதற்காக நாமும் விதிவிலக்குக் கேட்கலாகாது. இதனை வகுப்பிற் சொன்னபொழுது ஒரு மாணவி, "அப்படியானால் எலும்பைக் காப்பதற்கும் கற்றுக்கொள்ள வேண்டுமே ஐயா" என்றாள். அவள் தமிழ் வகுப்பில் அறிவியல் கற்றாள்.

சொல் நடக்கக் கதை வேண்டும்

நம் இயக்கத்தார் கலைச்சொல் ஆக்கத்திற் பெரும்பணி செய்துள்ளனர். பேருந்து, மிதிவண்டி, வானூர்தி, கணினி என்றபொழுது நகைத்தவர் பலர். இன்று நகைத்தோர் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றையே சொல்கின்றனர். ஆயினும் அகரமுதலிகளில் அடைபட்டு உறங்கும் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சொல்லைப் படைத்தால் மட்டும் போதாது. அது நடமாடுவதற்கு ஒரு கதை வேண்டும்.

'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு ஈந்தது எம்மொழி? ஆங்கிலமன்று. செக்கு மொழி. நெடுங்காலம் பிறர் ஆட்சிக்கு உட்பட்டிருந்து 1918-இல் விடுதலை பெற்ற ஒரு சிறிய இனத்தின் மொழி. காரல் சாப்பெக்கு 1920-இல் எழுதிய நாடகத்தில், கட்டாய உழைப்பைக் குறிக்கும் தம் தாய்மொழிச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். அதனைச் சொல்லித்தந்தவர் அவர்தம் உடன்பிறந்தார். கதை உலகெங்கும் சென்றது. சொல் அதன் தோளேறிச் சென்றது. தமிழிலோ, கரும்பு பிழியும் பொறியைக் கழகப் பாடல்களே எந்திரம் என்றன. அவ்வேரிலிருந்து எழுந்த 'எந்திரன்' என்னும் பெயர், 2010-இல் ஒரு திரைப்படத்தின் தலைப்பானபின்தான் சிற்றூர்ச் சிறுவன் வாயிலும் புகுந்தது.

தாய்மொழியில் எழுதினால் அறிவியல் தாழ்ந்துவிடும் என்பார்க்கு ஒரு சான்று: உலகப் புகழ்பெற்ற அறிவியலறிஞர் சகதீச சந்திர போசு, 1896-இல் தம் வங்கமொழியில் அறிவியற் புனைகதை எழுதினார். தலைக்கு இடும் எண்ணெய் ஒரு புயலைத் தணித்த கதை அது. நம்மிடையே, பெரியார் 1940-களில் 'இனி வரும் உலகம்' என்று எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கம்பியில்லாக் கருவியையும், முகம் காட்டிப் பேசும் வசதியையும், குழாயிற் கருவுறும் குழந்தையையும் எதிர்நோக்கினார். அத்தகைய முதற்குழந்தை 1978-இல் இங்கிலாந்தில் பிறந்தது. அவர் பழம்பெருமையில் வானூர்தி தேடவில்லை. வரும் உலகைத் தமிழில் எண்ணிப் பார்த்தார்.

சுசாதாவையும் நான் வகுப்பிற் சொல்கின்றேன். அவர்தம் கலப்பு நடை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் திருவரங்கத்தில் வளர்ந்து, பொறியாளராகி, மின்னணு வாக்குப்பொறி உருவாக்கத்தில் பங்கேற்ற அவர் 1980-களில் எழுதிய 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையை மக்கள் விரும்பிப் படித்தனர். நம் 2020-களில் நிகழ்வதாகப் புனையப்பட்ட கதை அது. எந்திர நாய் ஒன்று பேசும். நாட்டை ஆளும் வல்லாட்சியன் ஒளியாற் சமைத்த வெறும் உருவம் என்பது கதையின் முடிச்சு. அக்காலத்திலேயே நாம் இன்று வாழ்கின்றோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மாணாக்கர் கணக்கெடுக்கின்றனர். தூய தமிழில் இத்தகு கதை எழுதாமல் அவர் நடையை மட்டும் பழித்துக்கொண்டிருந்தது யார் குற்றம்? நம் குற்றம்.

வகுப்பில் செய்வன

முடிவாக, நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கின்றேன். செலவில்லாதது, எச்சிற்றூர்ப் பள்ளியிலும் செய்யத்தக்கது.

முதலாவது, கதைக்குமுன் மெய்யைக் காட்டுக. சாத்தனூர்க் கல்மரத்தையோ, அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் உள்ள தொல்லுயிர்ப் படிவ அருங்காட்சியகத்தையோ ஒருமுறை காட்டுதல் போதும்.

இரண்டாவது, ஒவ்வொருவரும் தம் கதையின் தலைப்பில் இரு பத்திகள் இடுக. ஒன்று 'மெய்', மற்றொன்று 'புனைவு'. மெய்ப்பத்தியை அறிவியலாசிரியர் பார்த்துத் திருத்துவார். புனைவைத் தமிழாசிரியன் பார்ப்பான். எங்கள் பள்ளியில் இரு துறையாரும் ஒரே மேசையில் அமர்ந்தது இதனாலேதான்.

மூன்றாவது, கதைக்கு வேண்டும் புதுச்சொல்லை மாணாக்கரே ஆக்குக. வேரைச் சொல்லி விளக்குக. வகுப்பு ஏற்றால் அது வாழும்; ஏற்காவிடில் வேறு சொல் தேடுக.

நான்காவது, கரு நம் மண்ணினதாக இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, சிமெண்டு என வழங்கும் பைஞ்சுதைக்காக அரியலூரில் நாளும் தோண்டும் சுண்ணாம்புக்கல், கடலுயிர்களின் ஓடுகள் சேர்ந்து இறுகியது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் சுண்ணாம்பு 56 கிலோ நிற்கும். 44 கிலோ கரிவளியாக வானிற் கலக்கும். இதனைக் கணக்கிட்டுக் காட்டியபின், "சுண்ணாம்பு தீர்ந்த அரியலூர்" என்று தலைப்புக் கொடுத்தேன்.

சுமையுந்து ஓட்டுநர் ஒருவரின் மகள் எழுதினாள். சுரங்கம் ஓய்ந்து அறுபது ஆண்டு கழிந்த காலம். பெருங்குழிகளில் மழைநீர் நிறைந்து கிடக்கின்றது. தோண்டாமல் விட்ட ஒரு மூலையில் அம்மோனைட்டு ஒன்றைக் கண்ட சிறுமி, "பாட்டி, இது யார் வீட்டது?" என்று கேட்கின்றாள். "நம் வீடு முழுவதுமே அதுதான், கண்ணே. சுவரைத் தொட்டுப்பார்" என்கிறாள் பாட்டி. கதை அவ்வளவே. அதில் விண்கலம் இல்லை, பேருயிர் இல்லை. ஓர் அயற்சொல்லும் இல்லை. கடல் கல்லாகி, கல் வீடாகி, வீடு நிற்க ஊர் குழியானது என்னும் மெய் மட்டும் அப்பிள்ளையின் கையில் கதையாயிற்று. அவளுடைய தந்தை அதனைப் படித்துவிட்டு, "நான் நாளும் ஏற்றிச் செல்வது இதுவா ஐயா?" என்று என்னிடம் கேட்டார்.

தமிழ்ப் பெருமக்களே! நம் மொழி ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே வானத்தை எண்ணிப் பார்த்த மொழி. அவ்வாற்றல் நம் பிள்ளைகளிடமும் உண்டு. பழம்புனைவைச் சான்றாக்கிப் பின்னோக்கி நடப்பதை விடுத்து, வரும் உலகைத் தமிழிற் புனைய அவர்கட்கு வழி விடுவோம். மெய்யை மெய்யென்றும் புனைவைப் புனைவென்றும் பகுத்தறியும் பிள்ளையே தமிழுக்கு நாளைய காவல்.

அன்று நான் சினந்து அமரச் செய்த மாணவன் இன்று எங்கிருக்கின்றானோ, அறியேன். அவனைக் கண்டால் சொல்வேன்: "தம்பி, நீ கேட்டது நல்ல வினா. அவ்வூர்திக்கு உறுப்புப் பெயர் இல்லை. அப்பெயர்களை இனி நீயும் நானும் ஆக்க வேண்டும்."

வாழ்க தமிழ்! வளர்க தமிழறிவு!